சூளைமேட்டில் துளிர்த்த தேக்கு

என் உயிரான சூசை அக்காவுக்கு,

உன் மரங்கள் பிழைத்துவிட்டன. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதை நிதானமாகக் கேள்.

தை மாதம் உன்னை அடக்கம் செய்தோம். தவக்காலம் முடிவதற்குள் நம் மைசூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற சூளைமேடு மொட்டையாகிவிட்டது. செங்கல்லுக்காக மேல்மண்ணையெல்லாம் சுரண்டிக்கொண்டு போன பூமி அது. அதில் நீ நட்டு, தண்ணீர் ஊற்றிப் பச்சையாகவே வைத்திருந்தவை ஒவ்வொன்றாக இலையைக் கொட்டின. தேக்கு முதலில், பிறகு வேம்பு, புங்கை. ஆஸ்பத்திரியில் வேலை முடிந்ததும் நர்ஸ் உடுப்போடேயே வந்து பார்ப்பேன். அக்காவும் போனாள், அவள் வைத்ததும் போகிறதே என்று ஒவ்வொரு மரமாகத் தொட்டுக்கொண்டே நடப்பேன்.

பள்ளி மேனேஜர் அருளப்பர் ஐயா ஒரு சூளைக்காரரைக் கூட்டி வந்தார். அவர் ஒரு குச்சியை ஒடித்துப் பார்த்து, கன்னடத்தில் "எல்லா ஒணகி ஹோகிதே" என்றார். எல்லாம் காய்ந்துவிட்டதாம். மரங்களை விறகாக்கிவிட்டு, மிச்ச மண்ணையும் தோண்டிக்கொள்வதாகப் பேச்சு.

"மழை வரட்டும் ஐயா," என்றேன்.

"செத்த மரத்துக்கு மழை எதுக்கும்மா? உங்க அக்கா மேல எனக்கும் மரியாதை உண்டு. ஆனா கண்ணால பாக்கறோமே."

அவரை நீ ஆசையாக வைத்த பலாவிடம் அழைத்துப் போனேன். "இது செத்துப்போச்சு, ஒத்துக்கறேன். இலை கருகியும் விழல பாருங்க, இழுத்தாலும் வரல. தேக்கு தானா உதிர்த்திருக்கு. காம்பு விழுந்த இடம் எவ்வளவு சுத்தமா ஆறியிருக்கு! உசிரு இருந்தாத்தானே ஐயா உதிர்க்கும்?"

புண் ஆறுவதைத் தினமும் பார்க்கிறவள் பேச்சு அது. சொல்லும்போது எனக்கே முழு நம்பிக்கை இல்லை அக்கா. அவர் பலாவையும் தேக்கையும் மாறி மாறித் தடவிப் பார்த்தார். "சரி, முதல் மழை வரைக்கும்."

மழைக்கு முன்னாலேயே, வெயில் கொளுத்தும்போதே, வேம்பு செம்பு நிறத்தில் துளிர்த்தது. அடுத்துப் புங்கை, எண்ணெய் தடவினாற்போல. தேக்கு மட்டும் அசையவே இல்லை. "அதையாவது வெட்டலாமா?" என்று ஐயா ஆள் அனுப்பினார். மழை என்றுதானே பேச்சு என்று பதில் அனுப்பிவிட்டு, தினமும் வானத்தைப் பார்த்தேன்.

மழை வந்தது. தேக்கும் துளிர் விட்டது! நல்ல மண்ணில் நிற்கிற பள்ளிக் கிணற்றடித் தேக்கின் இலை முறம்போல விரிகிறது. இந்த மேட்டில் அதே தேக்கு உள்ளங்கை அகலத்துக்குத் தடிப்பாக விட்டிருக்கிறது. புங்கை இலையும் இங்கே சிறிசு. சத்து இல்லாத மண்ணில் சிக்கனமாகக் குடித்தனம் நடத்துகின்றனவா? நீ என்ன சொல்லியிருப்பாய்?

ஐயா குடையோடு வந்து நின்றார். ஓர் இலையை விரலால் நிமிர்த்திப் பார்த்துச் சிரித்துவிட்டார். "பிழைச்சுக்கிச்சேம்மா! சூளைக்காரர் இனி வரமாட்டார்."

மரத்தில் சாய்ந்து அழுதேன். வீட்டுக்கு வந்து, நீ போன பிறகு முதல் தடவையாக, இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கி வயிறாரச் சாப்பிட்டேன். அம்மா குழம்பை ஊற்றினாள்.

வேம்பின் அடியில் மட்கிய சருகைக் கிளறினேன். மண் கறுத்திருக்கிறது, மண்புழு நெளிகிறது. பலா போன குழியில் இந்த மழைக்கே ஒரு புங்கை வைக்கிறேன். அடுத்த கோடையில் இவை மறுபடி மொட்டையாக நிற்கும்போது, யார் கோடரியோடு வந்தாலும் நான் அங்கே நிற்பேன். நீ நிம்மதியாகத் தூங்கு.

உன் கூடப்பிறந்தவள்,
ரெஜினா