செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் சாவி

என்னங்க,

கடைக்குப் போன நீங்கள் திரும்புவதற்குள் நான் கிளம்புகிறேன். முதுகெலும்பில் நரம்பு மாட்டிக்கொண்டிருக்கிறது என்று போன தடவை டாக்டர் சொன்னபோது, கூட வந்த நீங்கள் போனை நோண்டிக்கொண்டிருந்தீர்கள். இன்றைக்கு டாக்டரிடம் தனியாகவே போய்க்கொள்கிறேன். உட்கார முடியாமல் அடுப்பு மேடையில் நின்று எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். பிரஷர் மாத்திரை டம்ளருக்குப் பக்கத்தில். மெஷினில் ஈரத்துணி கிடக்கிறது, குனிந்து எடுக்க என்னால் ஆகாது, நீங்கள் காயப்போடுங்கள்.

பதினொரு மணிக்கு உங்கள் தம்பி வருவார். நீங்களே டீ போட்டுக் கொடுங்கள். நேற்று போனில் அவரிடம், "வேலைன்னா மட்டும் உன் அண்ணிக்குக் கால் இழுத்துக்கும், எல்லாம் நடிப்புடா" என்று சிரித்தீர்களே, அடுத்த அறையில் படுத்திருந்த எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. பார்லரில் எட்டு மணி நேரம் நின்றபடி ஊரார் தலைமுடியை வெட்டிவிட்டு வருகிறவள் நான்.

பி.கு. கிளம்பும்போது சாவி கைதவறிச் செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் போய்விட்டது. எடுக்கக் குனிந்தேன். இடுப்பிலிருந்து குதிகால் வரை கரண்ட் அடித்த மாதிரி இழுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கத்திவிட்டேன். சாவி அங்கேயே கிடக்கிறது, கதவைப் பூட்டாமல்தான் போகிறேன்.

நான் கத்தியபோது வீட்டில் ஒரு ஆள் இல்லை. யாருக்கு நடித்துக் காட்டினேன் என்று தம்பியிடம் கேட்டுச் சொல்லுங்கள்.