கெசியாவின் இரத்தமும் என் கிணற்றடி வல்லாரையும்

யூலை 8, செவ்வாய்

சோளகக் காற்று விடிய முதலே தொடங்கிவிட்டது. ஆய்வுகூட யன்னல் எல்லாம் சாத்தியும் மேசையில் மண். இன்று செய்ய: இரத்தச் சிலைட்டுக்குச் சாயம் வடிக்க. சிலைட் பெட்டி கேட்டுக் கடிதம். வீட்டுக்குத் தேங்காய் இரண்டு.

தங்கச்சியின் மகள் கெசியாவை நேற்று எங்கள் ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்து மறித்துவிட்டார்கள். பத்து வயது. மூன்று கிழமையாக இருமல், இழுப்பு, இடைக்கிடை காய்ச்சல். வெளியில் ஒரு டொக்டரிடம் காட்டியபோது தொய்வு, ஆஸ்துமா, என்று பம்ப் கொடுத்தார்களாம். புலமைப்பரிசில் சோதனைக்கு ஒரு மாதம்தான். தங்கச்சி கட்டில் நுனியில் இருந்து பின்னக்கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் அப்படித்தான்.

பிள்ளையின் இரத்தம் பத்து மணிக்கு என் மேசைக்கு வந்தது. வெண்குழியம் மிக அதிகம் என்று இயந்திரம் கத்தியது. வகை பிரிக்க அதற்கு முடியவில்லை. நானே சிலைட் போட்டேன். நூறு எண்ணினால் ஐம்பத்து நான்கு இயோசினோபில். ஒவ்வாமைக்கும் புழுவுக்கும் கூடுகிற வெண்குழிய வகை அது. சாதாரண ஆளில் நாலைந்துதான் இருக்கும். இப்படியொரு சிலைட்டை இருபத்தாறு வருடத்தில் சில தரம்தான் கண்டிருக்கிறேன்.

வாட்டு டொக்டரைப் பிடித்தேன். சின்னப் பெண், கெட்டிக்காரி.

"டொக்டர், இது வெறும் தொய்வு எண்டால் நான் நம்பமாட்டன்."

"நிச்சயமோ அக்கா?"

"ரெண்டு தரம் எண்ணினனான். வேணுமெண்டால் வந்து பாருங்கோ."

வந்தார், குனிந்து பார்த்தார், "உங்கட கண்ணுக்கு ஒரு கும்பிடு" என்றார். நான் நோய் சொல்லவில்லை, எண்ணைத்தான் சொன்னேன். ஆனாலும் பெருமை. இந்தக் கொப்பியிலாவது ஒளிக்காமல் எழுதலாம்.

யூலை 9, புதன்

காற்று. வெயில். மத்தியானம் சாப்பாடு இல்லை.

மலத்தில் புழு முட்டை இல்லை. இரண்டாம் தரமும் இல்லை. டொக்டர் நாய் வட்டப்புழுவைச் சந்தேகிக்கிறார். அது மனிதருக்குள் பெரிதாக வளராது, முட்டையும் இடாது. குஞ்சுப் புழுவாகவே ஈரல், நுரையீரல், கண் என்று வழி தெரியாமல் திரியும். மலத்தில் தேடிப் பயனில்லை.

நான் அறிக்கையோடு வாட்டுக்குப் போனபோது டொக்டர் தங்கச்சியை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"எங்கட வீட்டிலை நாயும் இல்லை, பூனையும் இல்லை டொக்டர். நிலத்திலை விழுந்த மாம்பழம்கூட நான் குடுக்கிறேல்லை."

உண்மை. அவள் வீட்டு நிலத்தில் சோறு போட்டுச் சாப்பிடலாம்.

"பச்சையா ஏதும் சாப்பிடுறவவோ?"

தங்கச்சி நிமிர்ந்து இருந்தாள். "வல்லாரை. சோதினைக்கு மூளைக்கு நல்லதெல்லே. மாசி மாதம் தொட்டு ஒவ்வொரு காலமையும் பச்சைச் சம்பல். கடையிலை வாங்கிறேல்லை டொக்டர். அக்கா வீட்டுக் கிணத்தடியிலை பிடுங்கிறது. மருந்தடிக்காதது."

டொக்டர் என்னைப் பார்த்தார். எங்கள் நாய் டெய்சி குட்டி போட்ட கதை அவருக்குத் தெரியும். ஒரு குட்டி வேண்டுமா என்று கேட்டதே நான்தான். எனக்கு இரத்தம் பார்க்கக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். கோழை.

பின்னேரம் கிணற்றடி. வாய்க்கால் ஈரத்தில் வல்லாரை பாய் விரித்த மாதிரி. அதற்குள் டெய்சி வயிறு குளிரப் படுத்திருந்தது. வெயில் தொடங்கினால் அதுதான் அதன் இடம். சித்திரையில் போட்ட ஐந்து குட்டியும் அங்கேதான் புரண்டன. மூன்றைக் கொடுத்தாயிற்று, இரண்டு மிச்சம். ஒன்றுக்கும் பூச்சி மருந்து கொடுக்கவில்லை.

எனக்குத் தெரிந்தவை:
தாயின் வயிற்றிலேயே குட்டிக்குப் புழு வரும்.
குட்டி கழிக்கிற முட்டை ஈர மண்ணில் சில கிழமையில் முற்றும்.
முட்டை ஓடு பொல்லாத கெட்டி. உப்புத் தண்ணீருக்குச் சாகாது.

"உப்புத் தண்ணியிலை மூண்டு தரம் அலசு, போதும்" என்று தங்கச்சிக்குச் சொன்னவள் யார்? நான். இதே பாடத்தைப் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவளும் நான். சீ.

யூலை 10, வியாழன்

குட்டிகளின் மலத்தை டப்பாவில் கொண்டுபோய்ப் பார்த்தேன். முட்டைகள். உருண்டை, கபில நிறம், ஓடு முழுக்கக் குழி குழியாக. கர்த்தர் மன்னிக்கட்டும், வடிவாகத்தான் இருந்தன.

நோயை உறுதிப்படுத்தப் பிள்ளையின் இரத்தம் கொழும்புக்குப் போகிறது. டொக்டர் அதற்குக் காத்திருக்கவில்லை, புழுவுக்கான குளிசை தொடங்கிவிட்டார். ஸ்கானில் ஈரலில் சின்னச் சின்னப் புள்ளிகள். ஆறும் என்கிறார். கண்ணுக்குத்தான் பயம். அங்கே புழு போயிருந்தால் பார்வை போகலாம். நாளை கண் டொக்டர்.

விறாந்தையில் டொக்டர் மெல்லக் கேட்டார். "அக்கா, தங்கச்சியிட்டை நான் சொல்லவோ?"

"வேண்டாம். எனக்கு வாய் இருக்கு."

வாய் இருந்தது. பின்னேரம் தங்கச்சியோடு அரை மணித்தியாலம் இருந்தேன், தேத்தண்ணீரைப் பற்றிக் கதைத்தேன்.

யூலை 11, வெள்ளி

கெசியாவின் கண்ணுக்குத் துளி மருந்து விட்டு வெளியே இருத்தினார்கள். "பெரியம்மா, எழுத்தெல்லாம் புகையாக் கிடக்கு, நீங்கள் கேள்வியை வாசியுங்கோ" என்றாள். மூன்று கேள்வி வாசித்தேன். மூன்றும் சரி. என்ன பிள்ளை!

பிள்ளையை உள்ளே கூப்பிட்டார்கள். தங்கச்சியைப் போகவேண்டாம் என்றார்கள். வெளியே மர வாங்கில் நாங்கள் இருவர்தான் இருந்தோம். நல்ல முடிவு வந்தபிறகு சொன்னால் அது சொன்னதாகாது என்று பட்டது. சொன்னேன். டெய்சி, குட்டிகள், வல்லாரை, முட்டை, உப்புத் தண்ணீர். எல்லாம்.

"நீ லாப்பிலை வேலை செய்யிறனி. உனக்கு உது தெரியாதோ?"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ அக்கா?"

"தெரியும். என்ரை வீட்டிலை இருக்குமெண்டு யோசிக்கேல்லை."

அவள் எழும்பிப் போய் யன்னலடியில் முதுகு காட்டி நின்றாள். கதவு திறந்தது. இரண்டு கண்ணும் சுத்தம். தங்கச்சி பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் வாங்கிலேயே இருந்து அழுதேன்.

யூலை 13, ஞாயிறு

சேர்ச்சில் தங்கச்சி மற்றப் பக்கத்து வாங்கில். என்னைப் பார்க்கவில்லை.

டெய்சிக்கும் குட்டிகளுக்கும் மிருக வைத்தியரிடம் மருந்து. கிணற்றடிக்கு வேலி. வல்லாரை முழுவதையும் மேல்மண்ணோடு வெட்டி ஆழக் குழியில் தாட்டேன். நாரி முறிந்தது, நிமிர முடியவில்லை. பிறகு குட்டி வாங்கிய மூன்று வீட்டுக்கும் நடை. "குட்டிக்குப் பூச்சி மருந்து குடுங்கோ, பீயை உடனை அள்ளுங்கோ, பிள்ளையளின்ரை கையைக் கழுவுங்கோ, இலைவகையைப் பச்சையாத் தின்னாமல் வறையாச் சமையுங்கோ." ஏன் என்று கேட்டார்கள். என் தங்கச்சியின் மகளுக்கு வந்தது என்னால்தான் என்று சொன்னேன். மூன்று வாசலிலும் சொன்னேன்.

யூலை 22, செவ்வாய்

கொழும்பு மறுமொழி: நாய் வட்டப்புழுதான். கெசியா போன கிழமையே வீட்டுக்குப் போய்விட்டாள். இழுப்பு இல்லையாம், டொக்டர் சொல்லித்தான் அறிந்தேன். தங்கச்சி போன் எடுப்பதில்லை. குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

யூலை 28, திங்கள்

காற்றுக் கொஞ்சம் அடக்கம். சாயம் நன்றாகப் பிடித்தது.

பதினொரு மணிக்கு ஆய்வுகூட யன்னலில் தங்கச்சி. கிளினிக்கில் எடுத்த கெசியாவின் இரத்தம், தானே கையில் பிடித்துக்கொண்டு. முகம் இறுக்கம்.

"கோவம் கோவம்தான். சோதினை முடிஞ்சாலும் கோவம்தான்."

"ஓம்."

"வேறை ஆரும் உதைத் தொடப்படாதெண்டு டொக்டரிட்டைச் சொல்லிப்போட்டன். நீ பார்."

போய் மரத்தடியில் இருந்தாள். மேசையைத் துடைத்தேன். சிலைட் போட்டேன். இயோசினோபில் பத்தொன்பது, ஐம்பத்து நான்கு இருந்த இடத்தில்! கையுறையையும் கழற்றாமல் வெளியே ஓடினேன்.