உப்புநீர்த் தொட்டிக்கு நீ போட்ட இறால்

மச்சான்,

இன்று காலை மீன்தொட்டியின் வடிகட்டியிலிருந்து பழைய இரும்புக் குருணையை எடுத்துவிட்டுப் புதியதைக் கழுவினேன். தண்ணீரிலிருக்கும் பாஸ்பேட்டை உறிஞ்சுகிற குருணை. முதல் இரண்டு வாளித் தண்ணீர் செங்கல்லைக் கரைத்தது போல ஓடியது. ஈர இரும்பின் வாசனை எழுந்ததும், "உன் மீனுக்கு ஆவுற மருந்துச் செலவு எனக்குக்கூட ஆவலடா" என்று நீ சிரித்தது காதில் கேட்டது.

கல்லூரியில் நாம் ஒரே வகுப்பு. பிறகு நீ என் தங்கையைக் கட்டிக்கொண்டு சிதம்பரத்திலேயே தங்கிவிட்டாய். எனக்கு வேலை கடலூரில். 2008-இல் நான் உப்புநீர்த் தொட்டி வைத்தபோது என்னைவிட நீதான் அதிகம் குதித்தாய். பரங்கிப்பேட்டையிலிருந்து இரண்டு கோமாளி மீன்களையும் அவை புகுந்து வாழ ஒரு கடல் சாமந்தியையும் காற்றடைத்த பைகளில் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாய். மஞ்சக்குப்பம் வருவதற்குள் உன் வேட்டி நனைந்துபோயிருந்தது.

அடுத்த ஆண்டே உன் சிறுநீரகங்கள் கைவிட்டன. வாரம் இரண்டு நாள் கடலூருக்கு டயாலிசிஸுக்கு வந்தாய். முடிந்த கையோடு பஸ் ஏற உடம்பு இடங்கொடுக்காது என்பதால் எங்கள் வீட்டுச் சாவி ஒன்றை உன்னிடம் கொடுத்தேன். நானும் என் மனைவியும் வேலையிலிருந்து திரும்பும்வரை தொட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பாய்.

அந்த மாதங்களில்தான் தொட்டி கெடத் தொடங்கியது. பாறைகளின் மேல் மயிர்போலப் பச்சைப் பாசி, பாஸ்பேட் ஏறினால் தழைப்பது. சாமந்தி சுருங்கி மூலைக்குப் போனது. சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்துச் சொட்டுகளை விட்டால், பாஸ்பேட் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நீலம் ஏறும். ஒவ்வொரு ஞாயிறும் மை போல ஏறியது. அதுவரை ஊற்றிய ஆற்று முகத்துவாரத் தண்ணீர் வேண்டாமென்று, தேவனாம்பட்டினம் படகுக்காரர்களிடம் சொல்லி நடுக்கடலிலிருந்து கேனில் கொண்டுவரச் செய்தேன். ஆவியாகிக் குறைவதை ஈடுகட்ட ஊற்றிய போர்வெல் தண்ணீரை நிறுத்தி, சுத்திகரித்த தண்ணீருக்கு மாறினேன். எதற்கும் அசையவில்லை.

ஒரு வியாழக்கிழமை தலைவலி என்று மதியமே வீடு திரும்பினேன். ஃப்ரிட்ஜிலிருந்த மீன்தீனி இறாலை ஒரு கை அள்ளி, ஐஸோடு தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தாய்.

"என்னடா பண்ற?"

"பசியோட பாக்குதுங்க மச்சான். எனக்குத்தான் வாயக் கட்டியாச்சு. அதுங்களுக்குமா?"

"தெனமும் இப்படித்தானா?"

"வர்ற நாள்ல எல்லாம்."

பால், முந்திரி, கருவாடு எதையும் தொடக்கூடாதென்று உனக்குச் சொல்லியிருந்தார்கள். உன் ரத்தத்திலும் பாஸ்பேட் ஏறியிருந்தது. எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் கத்தினேன். "உன் ஒடம்பத்தான் உன்னால பாத்துக்க முடியல, என் தொட்டியையும் ஏண்டா கெடுக்கற?"

கையைக் கழுவினாய். சாவியைத் தொலைக்காட்சி மேல் வைத்துவிட்டுக் கிளம்பினாய். தடுத்திருக்கலாம். ஈரமான தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப்பின் இரண்டு முறை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பஸ் ஏறிவிட்டாய். இரண்டாம் முறை புவனகிரி தாண்டுவதற்குள் மயங்கிச் சரிந்தாயென்று தங்கை போனில் அழுதாள். மறுநாளே சிதம்பரம் வந்தேன். கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய்.

"தப்பா பேசிட்டேன்டா. வூட்டுக்கு வா."

என் பக்கம் திரும்பினாய். "ஆளாளுக்கு இத தின்னாத, அத தின்னாதன்றீங்க. எனக்கு என்ன திங்கணும்னு இருக்குதுன்னு ஒருத்தர் கேக்கலியே மச்சான். நீங்க குடுக்கவே வேணாம். பேசவாவது வுடுங்க."

"சொல்லு. என்ன திங்கணும்?"

நண்டுக் குழம்பு என்றாய். சுட்ட கருவாடும் பழைய சோறும் என்றாய். காடாம்புலியூர் பலாச்சுளையைச் சொல்லும்போது கண் கலங்கிச் சிரித்தாய். தங்கை அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரமே வந்தாய். நீ வருகிற நாட்களில் தீனி உன் பொறுப்பு என்றேன். இறாலை உருகவிட்டு, வடிகட்டியில் அலசி, பாஸ்பேட் இறங்கிய அந்தச் சாற்றைக் கொட்டிவிட்டு, ஒரு சிட்டிகை மட்டும் போட்டாய். என்னைவிடக் கறாராக இருந்தாய். விருந்தாளி யாராவது டப்பாவைத் தொட்டால் அதட்டுவாய். நான் பாசியை விரலால் பிய்த்தெடுத்தேன், தண்ணீரை மாற்றினேன். நான்கைந்து மாதத்தில் குழாயில் நீலம் வெளிறிவிட்டது. சாமந்தி விரிந்து, மீன்கள் அதற்குள் புகுந்த மதியம், நான் ஆபீஸில் இருந்தபோது போன் செய்தாய். "உள்ள போயிடுச்சுங்கடா! ரெண்டும்!"

உன் ரத்தத்தில் பாஸ்பேட் அப்படி இறங்கவில்லை. 2011 கோடையில் உன் இதயம் நின்றது. மீன்கள் இன்னும் இருக்கின்றன.

எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு இப்போது அதே சிகிச்சை. சாப்பாட்டு வேளையில் எல்லோரும் அவருக்கு ஆகாதவற்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப்போட்டு, "என்ன சாப்புடணும்னு இருக்கு சார்?" என்று கேட்கிறேன். முதல் நாள் என்னை விசித்திரமாகப் பார்த்தார். நேற்று வஞ்சிர மீன் வறுவலைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். இடைவேளை முடிந்து மணி அடித்தபின்னும் நான் எழுந்திருக்கவில்லை.