பர்ஜ் வால்வும் அவருடைய பாராட்டும்

ஐப்பசி 9, புதன்

எங்கள் காரில் பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு உப்புக்காற்றில் பழுதாகிவிட்டது. சென்ற வாரம் நானே படித்தறிந்து புதியதை மாற்றினேன். என் கணவர் உறவினர் முன்னிலையில் என்னை வெகுவாகப் பாராட்டினார்.

இன்று சந்தையில் மெக்கானிக் சகாயம் சிரித்துக்கொண்டே கூறினார்: "அக்கா, நீங்க மாட்டுன வால்வு சரியாத்தான் இருக்கு. அண்ணாச்சிதான் ஞாயித்துக்கெழம வண்டியக் கொண்டாந்து, 'பொம்பள கை வச்சது, கழட்டிப் பாருடே'ன்னு சொன்னாவ."

ஞாயிறன்று மீன் வாங்கச் செல்வதாகவே என் கணவர் என்னிடம் உரைத்திருந்தார்.

உணவு வேளையில், வண்டியை வேறு எவரிடமாவது காட்டினீர்களா என வினவினேன்.

"ஏளா, நீ பாத்த பொறவு வேற எவன் பாக்கணும்?" என்றார், முகம் மாறாமல்.

என் கையெழுத்தையும், நானாகக் கற்ற ஆங்கிலத்தையும் இத்தனை ஆண்டுகளாக அவர் புகழ்ந்த சொற்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றன. அவற்றுள் ஒன்றையேனும் மெய்யென ஏற்க மனம் துணியவில்லை.