உறவு என்ற கட்டம்

சா-அம், தாய்லாந்து
4 மார்ச் 2008

மதிப்பிற்குரிய திருமதி எல்லன் மூங்க் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் கணவர் ஹோல்கர் மூங்க் கடந்த சனிக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு இவ்வூர்ச் சந்தையில், தேங்காய் துருவும் இயந்திரத்தின் முன் வரிசையில் நின்றிருந்தபோது விழுந்து இறந்தார். மருத்துவர் இதயம் என்று எழுதியிருக்கிறார். வலி இருந்திருக்காது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதைச் சொல்லத் தகுதியுள்ள ஒரே மனிதர் இப்போது பேசுவதில்லை என்பதால், நான் அதை உங்களுக்கு உறுதிப்படுத்தவில்லை.

நான் அவருடைய பக்கத்து வீட்டுக்காரி. வயது எழுபத்து மூன்று. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் நில இயல் கற்பித்து ஓய்வு பெற்றவள்.

உடல் மருத்துவமனைக் குளிரறையில் இருக்கிறது. வெளிநாட்டவர் இறந்தால், நெருங்கிய உறவினர் ஒப்புதல் தந்து, அதன்பேரில் தூதரகம் கடிதம் கொடுத்த பின்னரே உடலை வெளியே விடுவார்கள். அங்குள்ள எழுத்தர்ப் பெண்ணிடம் ஒரு மணி நேரம் வாதாடிப் பார்த்தேன்.

“நீங்க அவருக்கு யாரு?”

“பக்கத்து வீடு.”

“எத்தனை வருஷமா?”

“ஒன்பது.”

“ஒன்பது வருஷமா வெறும் பக்கத்து வீடா,” என்று சிரித்துவிட்டு, பிறகு சொன்னாள்: “தப்பா நினைச்சுக்காதீங்க பெரியம்மா. இந்தக் கட்டத்துல பொண்டாட்டின்னு எழுதலாம், புள்ளைன்னு எழுதலாம், கூடப் பொறந்தவங்கன்னு எழுதலாம். பக்கத்து வீடுன்னு எழுத எடமில்ல.”

உங்கள் முகவரியைத் தூதரகத்தார் தந்தனர். ஒப்புதல் தாளை இத்துடன் அவர்களுடைய தொலைநகல் வழியே அனுப்புகிறேன். கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பினால், ரயில் நிலையத்துக்குப் பின்னுள்ள கோயிலில் அவரை முறையாக எரியூட்டுவோம். இங்கே மார்ச் மாதத்தில் மின்சாரம் அடிக்கடி போகும். இதற்கு மேல் விளக்க விரும்பவில்லை.

தங்கள் உண்மையுள்ள,
விபெக்கே டால்ஸ்கார்


ரீபே, டென்மார்க்
7 மார்ச் 2008

அன்புள்ள விபெக்கே டால்ஸ்கார் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் அழவில்லை. ஆறுதல் சொல்லி நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்பதற்காக இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

ஹோல்கர் 1996 நவம்பர் ஒன்பதாம் தேதி, மூன்று வார விடுமுறை என்று சொல்லி, சின்னப் பெட்டியோடு கிளம்பினான். நான்கு பட அஞ்சலட்டைகள் வந்தன. நான்கிலும் கடல் நீலமாக இருந்தது. கடைசி அட்டையில், “காற்று நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள்” என்று எழுதியிருந்தான். அந்தக் கொஞ்ச நாள் பதினோரு வருடமும் நான்கு மாதமும் ஆகியிருக்கிறது. நான் விவாகரத்துக் கேட்கவில்லை. கம்பளி நூல் கடை வைத்திருந்தேன். அதற்கே நேரம் சரியாக இருந்தது.

கையெழுத்திட ஒரு நிமிடம் போதும். அதற்கு முன் எனக்கு ஒன்று வேண்டும். அவன் செத்த கதையை எழுதிவிட்டீர்கள். இருந்த கதையை எழுதுங்கள். காலையில் எழுந்து என்ன செய்தான், யாரோடு சண்டை போட்டான், சாயங்காலம் எங்கே சாப்பிட்டான். பதினோரு வருடமாக நானே கற்பனை செய்து வைத்திருப்பதை அழித்துவிட்டு, உண்மையானதை வைத்துக்கொள்ள நினைக்கிறேன். அலங்காரம் வேண்டாம்.

நீங்கள் அவனுக்கு யார் என்பதையும் எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரிகள் தூதரகத்துக்கு நடையாய் நடப்பதில்லை.

எல்லன் மூங்க்


சா-அம்
9 மார்ச் 2008

மதிப்பிற்குரிய எல்லன் அவர்களுக்கு,

ஓர் உடலைப் பிணையாக வைத்துக்கொண்டு கட்டுரை கேட்ட முதல் நபர் நீங்கள்தான். என் மாணவர்களிடம்கூட நான் இதைவிடக் கருணையோடு நடந்துகொண்டிருக்கிறேன். ஆயினும் கேட்டது நியாயமானது; ஆகவே எழுதுகிறேன்.

ஐந்தரைக்கு எழுவார். கடலோரமாகத் தெற்கே மீன்படகுத் துறை வரை நடந்து திரும்புவார். ஆண்டு முழுவதும் இரண்டே அரைக்கால் சட்டைகள். எங்கள் நான்கு வீடுகளுக்கும் சொந்தக்காரி லம்துவன் என்ற பெண். முன்வாசலில் அரிசிக் கஞ்சிக் கடை வைத்திருக்கிறாள். இஞ்சியும் முட்டையும் போட்ட கஞ்சியை அங்கேதான் குடிப்பார். “என்ன தாத்தா, இன்னைக்கும் உசிரோடதான் இருக்கியா?” என்று அவள் தினமும் கேட்பாள். “சாயங்காலம் சொல்றேன்,” என்பார். அவருடைய தாய்லாந்துப் பேச்சு மிக மோசம். “இவரு எங்க பேச்சப் பேசினா தெருநாய்கூடத் திரும்பிப் பாத்துட்டுப் போவுது,” என்று லம்துவன் சொல்வாள். அவருக்கு அது புரிந்து, மகிழ்ச்சியாகச் சிரிப்பார்.

அவர் நீர்வழங்கல் பொறியாளராக இருந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். இத்தெருவில் பழுதாகும் தண்ணீர் மோட்டார் ஒவ்வொன்றையும் அவர்தான் பிரித்து மாட்டினார். கூலியாக மாம்பழமும் உலர்ந்த கணவாய் மீனும் வரும். ஒருமுறை உயிருள்ள கோழி வந்தது. அதை அறுக்க மனமில்லாமல் வளர்த்தார். அது கிழவியாகிக் கட்டிலுக்கடியில் இயற்கையாகச் செத்தது.

பத்து மணிக்கு மூன்று வாரப் பழைய டேனிஷ் செய்தித்தாளைப் படித்து, முடிந்துபோன செய்திகளோடு சண்டை போடுவார். பகலில் தூக்கம். நான்கு மணிக்குச் சவுக்கு மரத்தடியில் இரண்டு ஜெர்மானியர்களோடு சீட்டு. பெரும்பாலும் தோற்று, அவர்கள் ஏமாற்றுவதாக என்னிடம் முறையிடுவார். சனி, ஞாயிறுகளில் பாங்காக்கிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, ரப்பர் வளையங்களில் மிதந்து, இறால் சுட்டு, பாட்டுப் போட்டு ஊரையே அதிர வைப்பார்கள். அன்று கதவைச் சாத்திக்கொண்டு வானொலி கேட்பார். தொண்ணூறு நாளைக்கொருமுறை நாங்கள் இருவரும் குடிவரவு அலுவலகத்துக்குப் போய், இருக்கும் இடத்திலேயே இன்னும் இருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவோம். டிசம்பர் மாதத்தில் யாரோடும் பேச மாட்டார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

மாலை ஆறு மணிக்கு என் வீட்டில் உணவு. அவர் தட்டுகளைக் கழுவிவைத்துவிட்டு ஒன்பது மணிக்குத் தம் வீட்டுக்குப் போவார். எல்லா நாளும் போனார் என்று எழுதினால் அது பொய்.

உங்களைப் பற்றி அவர் பேசினாரா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காததை எழுதாமல் விட்டால் கையெழுத்து விரைவில் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அலங்காரம் வேண்டாம் என்றீர்கள்.

நீங்கள் இறந்துவிட்டதாக அவர் எங்களிடம் சொல்லியிருந்தார். புற்றுநோய் என்றார். 2001இல், ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்கலாமா என்று கேட்பதுபோல, நாம் திருமணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டேன். “எல்லன் போன பிறகு அந்த இடத்தில் இன்னொருவரை வைக்க முடியவில்லை,” என்றார். நான் எதையும் எளிதில் மதிப்பவள் அல்ல, அதை மதித்தேன்.

இன்னும் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டே ஒருநாள் லம்துவன் அவரைப் பிடித்துக்கொண்டாள். “பொண்டாட்டி செத்து இத்தனை வருஷமாச்சு, ஒரு தடவைகூடப் புண்ணியம் பண்ணலையா? அந்தம்மா அங்க பட்டினியா கெடக்குமேய்யா.” இறந்த தேதியைக் கேட்டாள். ஜூன் பதினான்கு என்றார். அதன்பின் ஆண்டுதோறும் அன்று காலை துறவிகளுக்குச் சோறும் குழம்பும் கொண்டுபோவோம். அவர் உங்கள் பெயரைத் தாளில் எழுதித் தருவார். அவர்கள் ஓதி முடித்ததும் தாளைக் கொளுத்துவார்கள். பிறகு ஒரு கிண்ணத்து நீரை மரத்தடியில் மெல்ல ஊற்றிப் புண்ணியத்தை உங்களுக்கு அனுப்பிவிட்டு வீடு திரும்புவோம். எட்டு ஆண்டுகள். குழம்பு வைத்தது நான். முட்டிவலியோடு தரையில் அமர்ந்து, கைகூப்பி, உங்களுக்கு அமைதி கிடைக்கட்டும் என்று வேண்டியதும் நான். கடவுள் நம்பிக்கை எனக்குக் கிடையாது. உங்கள் பொருட்டு அதைச் செய்தேன்.

நீங்கள் உயிரோடிருக்கிறீர்கள், தொலைபேசி எண்ணும் உண்டு என்பதைக் கடந்த திங்களன்று, தூதரகத்து இளைஞர் ஒருவர் கோப்பின் பக்கத்தைத் திருப்பியபோது அறிந்தேன்.

லம்துவனிடம் சொன்னேன். உட்கார்ந்து சிரித்தாள், சிரிப்பு முடியுமுன் அழுதாள். பிறகு சொன்னாள்: “பெரிய பொண்டாட்டி கையெழுத்துப் போட்டாத்தான் சின்னவ அழ முடியும்னு ஆயிடுச்சே.”

நான் அவருக்கு யார் என்ற கேள்விக்கு, சென்ற வாரம் வரை என்னிடம் விடை இருந்தது.

விபெக்கே டால்ஸ்கார்


ரீபே
12 மார்ச் 2008

அன்புள்ள விபெக்கே,

கையெழுத்திட்ட தாள் இத்துடன் இருக்கிறது. மூலத்தைத் தபாலிலும் போட்டுவிட்டேன்.

கல்யாணமான 1958இலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். உங்கள் கடிதம் வந்ததும் எல்லாவற்றையும் மேசையில் எடுத்துப் போட்டு ஜூன் பதினான்கைத் தேடினேன். எங்கள் கல்யாண நாள் இல்லை. என் பிறந்த நாள் இல்லை. என் தாய் இறந்த நாளும் இல்லை. அவன் கிளம்பிய வருடத்தில் அந்தத் தேதிக்கு இப்படி இருக்கிறது: “மழை. ஜன்னல் சட்டத்து விரிசலுக்கு மக்கு பூசினேன். ஹோல்கர் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.” மற்ற முப்பத்தேழு வருடங்களில் அதுகூட இல்லை. இரண்டு நாள் தேடினேன். ஏதாவது இருந்திருக்கலாம் என்று ஆசையாக இருந்தது. யாரோ தேதி கேட்டார்கள், வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான்.

நீங்கள் அங்கே போனது 1999இல் என்று தெரிகிறது. அப்படியானால் அவன் உங்களுக்காக என்னை விட்டுப் போகவில்லை. யாருக்காகவாவது போயிருப்பான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். வெறுக்க ஒரு முகம் இருந்தால் சௌகரியம். காற்றை எப்படி வெறுப்பது?

எனக்காக எட்டு முறை சமைத்திருக்கிறீர்கள். நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை. குழம்பில் என்ன மீன்?

சாம்பல் எனக்கு வேண்டாம். எரியூட்டும்போது யார் முன்னால் போவது என்று கேட்டால் நீங்களே போங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை என்பதற்கும் கையெழுத்து வேண்டுமென்றால் தாள் அனுப்புங்கள்.

எல்லன்


சா-அம்
21 ஏப்ரல் 2008

அன்புள்ள எல்லன்,

கொடுவா மீன். புளியும் மஞ்சளும் சேர்த்தது. நன்றாகவே இருந்திருக்கும், துறவிகள் குறை சொன்னதில்லை.

மார்ச் பதினாறாம் தேதி எரியூட்டினோம். மூன்று மாலைகள் ஓதினார்கள், ஒலிபெருக்கியோடு. மோட்டார் பழுதுபார்த்துக் கொடுத்த வீடுகளிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். சீட்டாட்ட ஜெர்மானியர் இருவரும் காலுறை அணிந்து வந்தார்கள்; முதன்முறையாகப் பார்க்கிறேன். சந்தனச் சீவலில் செய்த பூவை ஆளுக்கொன்றாக எடுத்துப்போய்ப் பெட்டியருகே வைப்பது இவ்வூர் வழக்கம். நான் வரிசையின் கடைசியில் போய் நின்றேன். லம்துவன் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். “எங்க போய் நிக்கற? நீதான் மொதல்ல போவணும். அந்தம்மாவே சொல்லிட்டாங்கல்ல, போ.” உங்கள் அனுமதியோடு முதலில் போனேன்.

அங்கே நின்றபோது எனக்கு வந்தது துக்கமன்று, கோபம். ‘ரீபேயில் எனக்கு ஒரு மனைவி இருக்கிறாள், அவளிடம் சொல்லாமல் வந்துவிட்டேன்’ என்று அவர் முதல் ஆண்டிலேயே என்னிடம் சொல்லியிருந்தால், கோழை என்று முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டு ஆறு மணிக்குச் சோறு போட்டிருப்பேன். ஒன்பது ஆண்டுகள் என் மேசையில் உண்டவருக்கு என்னைப் பற்றி இது தெரியவில்லை. மணந்துகொள்ளாதது எனக்குப் பெரிதில்லை, எல்லன். என்னை அறிந்த ஒருவர் இவ்வுலகில் இருக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

பூவை வைத்துவிட்டுத் திரும்பிய பிறகு அழுதேன். வெயிலுக்கு என்று சொல்லி லம்துவன் குடையை என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். சாம்பலை அவளுடைய கொழுந்தனின் கணவாய்ப் படகில் எடுத்துப்போய்க் கடலில் கரைத்தோம்.

சென்ற வாரம் தூதரகத்துக்குப் போய், நான் இறந்தால் யாரிடம் கேட்பது என்ற படிவத்தை வாங்கினேன். ஹோல்கர் அதை நிரப்பாமலே வைத்திருந்தார். நானும் அப்படித்தான். என் தம்பி 2003இல் இறந்தான், பிள்ளைகள் இல்லை. உறவினர் இல்லாதவர்கள், நம்பும் ஒருவரைத் தாமே எழுதிக் கொடுத்தால் ஏற்பார்களாம். முதலில் லம்துவனைக் கேட்டேன். “வேணாம் பெரியம்மா, கையெழுத்துன்னாலே எனக்குக் கை நடுங்கும். சோறு வேணா எத்தனை நாளானாலும் போடறேன்,” என்றாள். ஒருவகையில் நல்லது, அவளிடம் விட்டால் என்னை ஏழு நாள் ஒலிபெருக்கியோடு கிடத்தி வைப்பாள்.

ஆகவே உங்கள் பெயரையும் ரீபே முகவரியையும் எழுதினேன். வேறெவரும் நினைவுக்கு வரவில்லை என்பது முதல் காரணம். உங்களுக்கு இதில் பழக்கம் உண்டு என்பது இரண்டாவது. மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. அதை எழுத எனக்குப் பழக்கமில்லை.

உறவு என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. துணைக்கு வந்திருந்த லம்துவன் தோள் வழியாக எட்டிப் பார்த்தாள். “அக்கான்னு எழுது. மூத்தவ அக்காதான?” நீங்கள் என்னைவிட இரண்டு வயது இளையவர் என்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. நான் அப்படி எழுதவில்லை. “கையெழுத்திட்டவர்” என்று எழுதினேன். தூதரகத்து இளைஞர் படித்தார், என்னைப் பார்த்தார், முத்திரை குத்தினார்.

இதில் உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால் ஒரு வரி எழுதுங்கள். வேறு பெயர் தேடிக்கொள்கிறேன். உடன்பாடு என்றால் எழுத வேண்டாம். நாம் இருவரும் பேசிக்கொள்ள ஒரே ஒரு பொருள்தான் உண்டு; அது இருவரிடமும் பொய் சொன்னது. கிழவிகள் இருவர் அதையே பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது.

தபால்காரர் இங்கே பதினோரு மணிக்கு வருகிறார். அவர் எதுவும் கொடுக்காமல் கடந்துபோகும் ஒவ்வொரு நாளையும் உங்கள் ஒப்புதலாக எடுத்துக்கொள்வேன்.

விபெக்கே