சிவப்புக் கோட்டில் இரைச்சல்

பாக்கார் ஆராங்,
ஞாயிறு

மகன் எரிக்குக்கு, மாதா உன்னையும் பிள்ளைகளையும் காக்கட்டும்.

ரேடியோவைத் திறந்த அன்றைக்கு யார் யார் இருந்தோம் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு நான் மாற்றிப் பேசுகிறேன் என்று யாரும் சொல்லக்கூடாது. கட்டிலில் அப்பா. பக்கத்தில் நான். உன் தங்கச்சி லிண்டா, அவள் புருஷன் புவனேசன், பேத்தி ஃபெலிசியா. லிண்டாவின் போனுக்குள் நீ.

அப்பா ரேடியோவைச் சிற்றலைக்கு மாற்றினால் கரகரவென்றது. புவனேசன் பின்பக்கத்தைக் கழற்றி, உள்ளே திருகெல்லாம் ஆடுது மச்சான் என்று உனக்குக் காட்டினான். நீ பார்க்கவே இல்லை. எதையோ மென்றுகொண்டே, லூசா இருந்தா டைட் பண்ணு லா என்றாய்.

அவன் கூலிம் ஃபேக்டரிக்காரன். ஆடுகிற திருகைக் கண்டால் கை சும்மா இருக்காது. திருகுகள்மேல் ஊற்றியிருந்த மெழுகைச் சுரண்டிவிட்டு ஒவ்வொன்றையும் அடிவரை முறுக்கினான். வேண்டாம் மாப்பிள்ளை என்றேன். சியாப் அத்தை, முடிஞ்சது, இனி ஆடாது என்று சிரித்தான்.

அவை இறுக்குகிற திருகு இல்லை. ஒவ்வொரு அலைக்கும் தனிச் சுருள். அதன் நடுவில் இருக்கும் அந்தத் திருகு கொஞ்சம் உள்ளே போனாலும் ஸ்டேஷன் இடம் மாறி ஓடிவிடும். சுங்கை லாலாங்கில் இருந்தபோது ஒன்றைத் திருகிவிட்டு நீ அப்பாவிடம் அடி வாங்கினாய். நான் மறக்கவில்லை.

எஃப்.எம். சுருளில் திருகு இல்லை, அதனால் அதில் சினிமாப் பாட்டு இப்போதும் ஜோராக வருகிறது. சிற்றலையில் மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இரைச்சல். ஜெபம் வரும் இடத்தில் நகப்பூச்சால் அப்பா போட்ட சிவப்புக் கோட்டிலும் இரைச்சல்தான்.

ஃபெலிசியா போனில் ஜெபம் வைத்தாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். படுத்த பிறகு பேச்சும் இல்லை. கைகால்களில் அசைவது இடது கை ஒன்றுதான். சாயங்காலம் அந்தக் கையால் முள்ளை நகர்த்திக் கோட்டில் நிறுத்துவார். குரல் வந்ததும் என்னைப் பார்ப்பார். அவருக்கு மிஞ்சியிருந்த வேலை அது ஒன்றுதான். இப்போது கையைத் தூக்குவதில்லை. கஞ்சியும் இறங்கவில்லை. டாக்டர் லிண்டாவை வெளியே கூப்பிட்டுப் பேசினார்.

ரிப்பேர்க் கடையில் புதுசு வாங்குங்க ஆண்ட்டி என்கிறார்கள். அந்தச் சுருள்களைப் பழையபடி நிறுத்த உனக்குத் தெரியும், அப்பா கற்றுத்தந்தது. நீ போனை எடுப்பதில்லை. லிண்டா இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து அனுப்புவாள். சிங்கப்பூரிலிருந்து பஸ் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? வா ராசா. அவர் கை இன்னொரு முறை அந்தக் கோட்டில் நிற்கட்டும்.

உன் அம்மா,
கேதரின்

பின்குறிப்பு: தன் கல்யாணத்தில் என்னைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தவன் புவனேசன். அதையும் சேர்த்து மன்னித்துவிட்டேன். அந்தத் திருகு பற்றி அவனுக்குத் தெரியாது; தெரிந்ததும் அழுதான். ஆனால் எல்லாம் தெரிந்தவன், சவப்பெட்டியை மூடிய பிறகு வந்து வாசலில் நின்றால், மாதாவே வந்து கேட்டாலும் அவனை மன்னிக்க மாட்டேன், எரிக்.