விடுப்பில் இருப்பவளுக்குக் காற்று

வடிகட்டிப் பராமரிப்புக் குறிப்பேடு
நிலா, தென்துருவப் பனிச்சுரங்கம், மூன்றாம் நிலையம்
எழுதுபவர்: மரியபாக்கியம், மெக்கானிக், ஒப்பந்தப் பணி

போகி, 09:10
அழுத்தம் சரி. ஆக்சிஜன் 21 விழுக்காடு. காலை ஆறு மணிக்குப் பதினெட்டுப் பேரும் பொங்கல் விடுமுறைக்குத் தலைமைத் தளம் கிளம்பிவிட்டார்கள். நான் மட்டும் இருக்கிறேன். பண்டிகை நாளில் எவரையும் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். வடிகட்டிகளுக்குச் சட்டம் தெரியாது. நான்கு நாள் துடைக்காவிட்டால் அடைத்துக்கொள்ளும். அதனால் மேற்பார்வையாளர் கோதண்டம் என்னை விடுப்பில் போட்டுவிட்டு இங்கேயே நிறுத்தினார். என் கார்டை வாங்கிப்போய் நானும் ஏறிவிட்டதாகக் காட்ட வண்டி வாசலில் அவரே தேய்த்தார். இங்கே எல்லோரும் எல்லோருக்காகவும் தேய்ப்பதுதான். சிரித்துக்கொண்டே கொடுத்தேன்.

போகி, 13:40
ஆக்சிஜன் 21. மூன்று வடிகட்டிகள் துடைத்தாயிற்று.
தளத்துக்குப் போனாலும் ஒப்பந்தக்காரர்களுக்கு விடுமுறை கிடையாது. அதிகாரிகளுக்கு இலை போட வேண்டும், அப்புறம் எடுக்க வேண்டும். அதெல்லாம் வேலைக் கணக்கில் வராது. இங்கே அவர்கள் குளியலறையில் நாற்பது நிமிடம் வெந்நீரில் நின்றேன். எங்களுக்கு அனுமதி மூன்று நிமிடம். அவர்கள் மேசையில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சேமியா தின்றேன். பக்கத்துக் கட்டிலில் குறட்டை இல்லை. கத்திப் பாடினேன். கேவலமாகப் பாடினேன். இதைவிட நல்ல விடுமுறை எனக்கு வாய்த்ததில்லை.

பொங்கல், 09:00
தலைவலியோடு எழுந்தேன். ஆக்சிஜன் 18. திரையில்: "ஆட்கள்: 0. ஆளில்லா நிலை."
கார்டுக் கணக்கில் ஒரு நாள் முழுக்க யாரும் இல்லையென்றால், தீப்பிடிக்காமலிருக்க நிலையம் ஆக்சிஜனை உறிஞ்சித் தொட்டியில் பூட்டிவிடும். நிறுத்த நிரந்தர ஊழியரின் கார்டு வேண்டும், இல்லையேல் தளத்திலிருந்து உத்தரவு வேண்டும். என் விண்வெளி உடையும் அலமாரிக்குள் பூட்டிக்கொண்டது. விடுப்பில் இருப்பவளுக்கு உடை எதற்கு.

பொங்கல், 09:20
ஆக்சிஜன் 16. தளத்தைக் கூப்பிட்டேன். தகவல் அறையில் ரூபி அக்கா.
"ஏட்டி பாக்கியம், எங்கட்டி இருக்க? பொங்கல் தீரப்போவுது."
"மூணாம் நிலையத்துலக்கா. இங்க காத்த உறிஞ்சுது."
"வெளையாடாத. நேத்து மத்தியானம் நீ சாப்பாட்டுக்குக் கார்டு தேச்சதாக் காட்டுது."
"அது கோதண்டம் சார். என் சோத்தையும் சேத்துத் தின்னுருக்காரு."
அக்கா சிரிக்கவில்லை. நிறுத்தும் பட்டன் மேற்பார்வையாளர் அறையில். அவரைத் தேடி ஓடினாள்.

பொங்கல், 09:55
ஆக்சிஜன் 14. கோதண்டம் பேசினார்.
"பதறாதம்மா. ஒரு பட்டன்தான். ஆனா அமுக்குனா உள்ள ஆளு இருக்குன்னு பதிவாகிரும். தொழிலாளர் ஆய்வாளரு இங்கதான் இலையில உக்காந்திருக்காரு. நீயா ஒளிஞ்சு நின்னேன்னு நிலையப் பதிவேட்டுல எழுதிரு. ஒடனே அமுக்குதேன்."
"அமுக்கிட்டுப் பேசுங்க சார்."
"எழுதிட்டுப் பேசும்மா."

பொங்கல், 10:15
ஆக்சிஜன் 12. எழுதி அனுப்பினேன். அதன் நகல்:
"மரியபாக்கியம் ஆகிய நான், விடுமுறையைத் தனியாகக் கழிக்கும் ஆசையில் யாருக்கும் தெரியாமல் ஒளிந்து தங்கினேன். தவறு என்னுடையது."
ஆசைப்பட்டது உண்மை. அதுதான் எரிகிறது.

பொங்கல், 10:30
ஆக்சிஜன் 11. நகம் நீலம். ரூபி அக்கா:
"சார் வாசிச்சிட்டாருட்டி. 'யாரும் கட்டாயப்படுத்தல'ன்னு ஒரு வரி சேக்கச் சொல்லுதாரு."
சேர்த்தேன். எழுத்துப் பிழை வந்தது. திருத்தி அனுப்பினேன்.

பொங்கல், 10:40
10. அக்கா அழுகிறாள்.
"அமுக்கிட்டாராக்கா?"
"ஆய்வாளரு கெளம்பட்டுமாம். அவரு இப்பதான் ரெண்டாவது தடவ பாயாசம் கேட்டிருக்காரு. நான் அமுக்கிருதேன்னு போனேம்ட்டி. அறையப் பூட்டிச் சாவிய மடியில வச்சிக்கிட்டாரு."

நேரம் பார்க்க முடியவில்லை
இந்தக் குறிப்பேட்டை ஏழாம் வடிகட்டிக்குப் பின்னால் செருகுகிறேன். அதிகாரி எவனும் அங்கே கையை விட மாட்டான். துடைக்க வருகிறவளே, நீயும் ஒப்பந்தம்தான். பதிவேட்டில் இருப்பது பொய். பட்டனுக்காக எழுதியது. எழுதிக் கொடுத்துவிட்டேன், இனி நான் உயிரோடு இருந்தால்தான் அவருக்கு ஆபத்து, அதனால் அமுக்க